லைனில் பிழையில்லை: வீட்டு வைஃபையோடு நான் பட்ட மூன்று வாரம்

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். படம் பிடிப்பவர்கள் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று பல இடங்களில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கைப் பழைய துணியில் சுற்றி இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். விடியற்காலையில் பிரதான வீதியான காலி வீதிக்குப் போய் நின்று வாங்கி வருவேன். இப்போது எல்லோரும் கிளவுட் டிரைவில் ஏற்றிவிட்டு லிங்க் அனுப்புகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் வேலை போய், டவுன்லோட் முடியும்வரை காத்திருக்கும் வேலை வந்தது.

சென்ற ஆவணியில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் அழைத்தார். "அக்கா, எல்லாம் ஏத்தியாச்சு. விடியவே வெட்டத் தொடங்கலாம்" என்றார். மொத்தம் 64 ஜிபி. இரவு பத்து மணிக்கு டவுன்லோட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் பாதியைச் சற்றே தாண்டி ஊர்ந்து கொண்டிருந்தது. நொடிக்கு 1.2 மெகாபைட். பெண் வீட்டார் வரவேற்பு நாளுக்கு முன் சின்னதாக ஒரு வீடியோ கேட்டிருந்தார்கள். அதை நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கையில் ஒருமுறை வரும் நாள் அது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றுதான் இதன் அடிவேரைப் பார்க்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. எங்கள் பெக்கேஜ் நொடிக்கு 100 மெகாபிட். டவுன்லோட் நடக்கும்போது கம்பியூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 100 இணைப்பில் 12.5 மெகாபைட்டுக்கு மேல் வரவே வராது. தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வரும்; ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகும் முகவரி, சரிபார்ப்பு விபரங்களுக்கான இடத்தைக் கழித்தால் 11, 11.5 வந்தாலே முழுதாக வருகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பலர் "100 என்று சொல்லி 11தான் தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போகிறார்கள். அவர்களுக்குச் சரியாகத்தான் வருகிறது. எனக்கு வந்ததோ 1.2, அதாவது பத்தில் ஒரு பங்கு. இது நிச்சயமாகக் கோளாறுதான்.

யோசிக்காமல் முதலில் செய்தது, கிட்டத்தட்ட 6,000 ரூபாவுக்கு ஒரு ரிபீட்டர் வாங்கியது. கடையில் இருந்தவர் இதைச் சுவரில் செருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். செருகினேன். போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்தன. வேகம் இன்னும் குறைந்தது. காரணம் பின்னால்தான் புரிந்தது. அந்த விலைக்குக் கிடைக்கும் ரிபீட்டரில் இருப்பது ஒரே ஒரு ரேடியோ. ரவுட்டரிடமிருந்து கேட்டதை அதே சனலில், அதாவது அதே அலைவரிசையில், திரும்பச் சொல்ல வேண்டும். கேட்கும் நேரத்தில் பேச முடியாது, பேசும் நேரத்தில் கேட்க முடியாது. ஆகவே பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது. இணைப்பே எட்டாத மூலைக்கு அது உதவும். வேகம் வேண்டும் என்பவருக்கு அது மருந்தில்லை.

அடுத்து இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு அழைத்தேன். இரண்டு நாளில் ஒருவர் வந்தார். தன் லாப்டொப்பை ஒரு கேபிளால் நேராக ரவுட்டரில் செருகினார், சோதித்தார், 94 என்று திரையைத் திருப்பிக் காட்டினார். "லைனில் பிழையில்லை" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் போன பிறகு யோசித்தால், அவர் செய்ததுதான் சரியான சோதனை. அதை நான் செய்திருக்க வேண்டும்.

ஒரு ஃபைல் என் டிஸ்க்குக்கு வந்து சேர மூன்று துண்டுப் பாதைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து லாப்டொப் வரை காற்றில் ஒன்று. லாப்டொப்பிலிருந்து டிஸ்க் வரை ஒன்று. சாதாரண ஸ்பீட் டெஸ்ட் முதலிரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். எங்கே நெரிசல் என்று அது சொல்லாது. ஆகவே துண்டு துண்டாக அளக்க வேண்டும்.

முதல் துண்டை அந்தத் தொழில்நுட்பவியலாளர் அளந்து காட்டிவிட்டார்: 94. மூன்றாவதை அளப்பதும் லேசு. லாப்டொப்பில் இருக்கும் ஒரு பெரிய வீடியோ ஃபைலை டிஸ்க்குக்குக் கொப்பி செய்து பார்த்தேன். நொடிக்கு 110 மெகாபைட் அளவில் போனது. அங்கேயும் குறையில்லை. நடுத்துண்டை அளக்க ஐபெர்ஃப் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. தூசி படிந்து கிடந்த பழைய டெஸ்க்டொப்பைக் கேபிளால் ரவுட்டரில் இணைத்து, அதில் ஒரு பக்கமும் லாப்டொப்பில் மறுபக்கமும் அதை ஓட்டினேன். இணையம் இதில் சம்பந்தப்படவே இல்லை. வீட்டுக்குள் காற்று மட்டும்தான். வந்த எண் நொடிக்கு 10 மெகாபிட். ஆக, இரவெல்லாம் என்னைக் காக்க வைத்தது எங்கள் ஹோலுக்கும் என் அறைக்கும் இடையிலுள்ள பத்து மீற்றர்.

ரவுட்டர் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்குமாக ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினோம். வயர்கள் வெளியே தெரியக் கூடாது என்று அம்மா எல்லாவற்றையும் ஹோலில் இருக்கும் ஷோகேஸுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கரண்ட் வெட்டு முடிந்து காலமாகிவிட்டது. ரவுட்டர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு முன்னால் பித்தளைக் குத்துவிளக்கு, அண்ணா பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயங்கள். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் உலோகப் பூச்சு இருக்கிறது. ரேடியோ அலை அதைத் தாண்டிப் போகாமல் திரும்பிவிடும். அந்தக் கண்ணாடிக்கு நேர் பின்னால்தான் என் அறை.

"வெளியில வைச்சால் தூசி படும்" என்றார் அம்மா. ஒரு நாள் மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று கேட்டு, ஷோகேஸின் மேல்தட்டுக்கு மாற்றினேன். அன்டெனாக்களை நேராக நிமிர்த்தி வைத்தேன். அன்டெனாவின் நுனி பார்க்கும் திசையில் அலை மிகவும் குறைவு, பக்கவாட்டில்தான் பரவும். ஆகவே ஒரே மாடியில் இருப்பவர்கள் அதைப் படுக்கப் போட்டு நம் பக்கம் குறிபார்த்து வைப்பதில் பலனில்லை. மாலையில் பார்த்தால் அதன் மேல் அம்மா ஒரு பின்னல் துணி விரித்திருந்தார். துணி அலையைத் தடுக்காது, ஆனால் கொழும்பு வெக்கையில் ரவுட்டருக்கு மூச்சு முட்டும். மெதுவாக எடுத்துச் சொல்லித் துணியை அகற்றினோம். 10 இருந்தது 15 ஆனது. காசு செலவில்லாமல் பாதி மடங்கு கூடியது நல்லதுதான். ஆனால் இன்னும் எங்கோ ஒரு பெரிய அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்து அக்கம்பக்கத்தைப் பார்த்தேன். எங்களுடையது தொடர்மாடி. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் எத்தனை தொடர்மாடிகள் என்று உங்களுக்குத் தெரியும். போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு செயலியைப் போட்டு என் மேசையிலிருந்து பார்த்தேன். 31 வைஃபை பெயர்கள். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக, கூடாரம் அடித்ததுபோல் திரையில் வளைந்து நின்றன.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். வைஃபை பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் 1 முதல் 13 வரை சனல் எண்கள் இருக்கின்றன. ஆனால் அவை 13 தனித்தனி அறைகள் இல்லை. ஒவ்வொரு எண்ணும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே தள்ளி இருக்கிறது, ஒரு வைஃபை இணைப்புக்கோ குறைந்தது 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கக் கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே மூன்று. 31 வீடும் இந்த மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஒரே சனலில் இருக்கும் ரவுட்டர்கள் குழாயடியில் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி: ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டு, தன் முறை வரும்வரை பொறுத்திருப்பார். நேரம் போகும், ஆனால் ஒழுங்கு இருக்கும். ஒருவர் 3இல் இருந்தால் அவர் 1க்கும் 6க்கும் நடுவில் பாதி விழுந்து கிடப்பார். அவர் பேசுவது இரண்டு பக்கத்துக்கும் புரியாது, வெறும் இரைச்சலாகவே கேட்கும். வரிசைக்கு வராமல் வாளியை நுழைப்பவர் மாதிரி. ஆகவே கூட்டமாக இருக்கிறதே என்று 3ஐயோ 9ஐயோ தேடிப் போவது தனக்கும் நல்லதில்லை, பக்கத்து வீட்டுக்கும் நல்லதில்லை.

எங்களுக்கு மேல் மாடியில் இருந்தது அப்படி ஒன்றுதான். சனல் 3, அதிலும் 40 மெகாஹேர்ட்ஸ் அகலம். அந்தப் பகுதியில் பாதியை அவர் ஒருவரே பிடித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாமா கதவைத் திறந்து, திரையில் இருக்கும் மலைகளைப் பார்த்துவிட்டு, "இதில எங்கட எது?" என்று கேட்டார். காட்டினேன். தனக்கும் பேரனின் வகுப்பு இடையில் நின்று நின்று வருகிறது என்றார். மாமி பிளேன்டீ போட்டுத் தருவதற்குள் அவர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சனலை 1க்கும் அகலத்தை 20க்கும் மாற்றினோம். கீழே வந்து எங்களுடையதை 11க்கு மாற்றினேன். அவர் வீட்டு வகுப்பும் அன்றிலிருந்து ஒழுங்காக வருகிறது. நகரத்தில் நெருக்கமாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பேசிச் செய்ய வேண்டும் என்றே நினைக்கிறேன். காற்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதற்குப் பிறகு என் போனில் அறைக்குள் 40 மெகாபிட் வந்தது. லாப்டொப்பில் 18.

இதுதான் எனக்கு விளங்கவே இல்லை. இரண்டும் ஒரே மேசையில், ஒரு முழத் தூரத்தில் இருக்கின்றன. லாப்டொப் பழசு என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. வாங்கி இரண்டு வருடம்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை இணைப்பின் விபரங்களைப் பார்த்தால் லிங்க் வேகம், அதாவது லாப்டொப்பும் ரவுட்டரும் தமக்குள் பேச ஒத்துக்கொண்ட வேகம், சில நேரம் 130 என்றும், டவுன்லோட் ஓடும்போது 26 என்றும் காட்டியது. சிக்னல் அளவு மட்டும் இரண்டு நேரமும் மாறவில்லை. ஐபெர்ஃபில் திசையை மாற்றிச் சோதிக்கலாம். லாப்டொப்பிலிருந்து ரவுட்டருக்குப் போகும் திசையில் 45 வந்தது, ரவுட்டரிலிருந்து லாப்டொப்புக்கு வரும் திசையில் 18. சொல்வது தெளிவாகக் கேட்கிறது, கேட்பதுதான் சிரமம். லாப்டொப்பின் காதுக்குப் பக்கத்தில் ஏதோ இரைகிறது.

இரண்டு நாள் கழித்து மவுஸ் காட்டிக் கொடுத்தது. வயர் இல்லாத மவுஸ் அது, குட்டி ரிசீவர் ஒன்று லாப்டொப்பின் இடது பக்கத்தில் செருகியிருக்கும். டவுன்லோட் ஓடும்போது திரையில் அம்பு விக்கி விக்கி நகர்வதைப் பல மாதமாகப் பார்த்திருக்கிறேன். பற்றரி முடிகிறது என்று நினைத்து மாற்றியும் இருக்கிறேன். அன்று ஒரு வேலைக்காக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன், அம்பு சட்டென்று வழுக்கிக்கொண்டு போனது. திரும்பச் செருகி ஒரு ஃபைலை எழுத விட்டேன், திரும்ப விக்கியது. கழற்றினேன், வழுக்கியது. கை நடுங்க ஐபெர்ஃபைத் திறந்து, டிஸ்க் இல்லாமல் ஓட்டினேன். 46.

வீடியோ எடிட் செய்கிற எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யூஎஸ்பி 3.0, அதாவது பெரும்பாலும் நீல நிற நாக்கு உள்ள போர்ட், நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. அந்த வேகத்தில் ஓடும் மின்சமிக்ஞை சுற்றிலும் அகலமாக ஒரு ரேடியோ இரைச்சலைக் கசிய விடுகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அந்த இரைச்சலுக்குள்ளேயே வருகிறது. வைஃபையின் 2.4, வயர் இல்லாத மவுஸ், புளூடூத், மூன்றும் இருப்பது அங்கேதான். 2012இல் இன்டெல் நிறுவனமே இதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கின் பெட்டியிலும் கேபிளிலும் உலோகக் கவசம் சரியாக இல்லாவிட்டால் கசிவு கூடும். என்னுடையது ஒரு சாண் நீளக் கேபிள். டிஸ்க் எப்போதும் லாப்டொப்பை ஒட்டியே கிடக்கும், அன்டெனா இருப்பது திரையின் ஓரத்தில். டவுன்லோடை நான் நேராக அந்த டிஸ்க்கிலேயே சேமித்தேன். அதாவது எப்போதெல்லாம் எனக்கு வேகம் வேண்டுமோ, அப்போதெல்லாம் அந்த இரைச்சலும் கூடவே இருந்தது. போன் டிஸ்க்கிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்ததால் தப்பித்தது.

செய்தது மிகவும் எளிது. கவசம் உள்ள ஒரு மீற்றர் கேபிள் ஒன்று வாங்கி டிஸ்க்கை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன். மவுஸ் ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினேன். கேபிள் வாங்கும் வரை டவுன்லோடை லாப்டொப்பின் உள் டிஸ்க்கிலேயே இறக்கி, முடிந்த பிறகு கொப்பி செய்தேன். லாப்டொப்பில் யூஎஸ்பி 2 போர்ட் இருந்தால் டவுன்லோட் நேரத்தில் அதில் செருகினாலும் போதும். அது நொடிக்கு 30 மெகாபைட்டுக்கு மேல் எழுதும்; இணையத்திலிருந்து வருவதே 11தான்.

46 வந்ததும் நிம்மதியாக இருந்தது, ஆனால் லைனில் 94 இருக்கிறதே. 2.4இல் இந்த நெரிசலுக்குள் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 5 கிகாஹேர்ட்ஸுக்குப் போக வேண்டும். எங்கள் ரவுட்டரில் அது ஏற்கெனவே இருந்தது. இரண்டு பகுதிக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் லாப்டொப் சிக்னல் கூடுதலாகத் தெரியும் 2.4ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லாப்டொப்பில் 2.4 பெயரை மறக்கச் செய்தேன். 5இல் சனலை 36க்கு வைத்தேன். 52க்கு மேல் உள்ள பல சனல்களில் ராடார் பாவனை இருக்கிறதா என்று ரவுட்டர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும், இருந்தால் விலக வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்து வரும்.

5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அறையில் சிக்னல் அளவு மைனஸ் 74 என்று காட்டியது. இந்த எண் பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை, 65 போதும், 75 என்றால் தள்ளாட்டம். சுவர் ஒன்றுதான், அதுவும் சாதாரணக் கல் சுவர், ஏன் இவ்வளவு இழப்பு என்று போனைக் கையில் பிடித்து அறைக்குள் மெதுவாக நடந்து பார்த்தேன். கட்டில் பக்கம் 62. மேசை பக்கம் 74. நடுவில் நிற்பது அம்மாவின் இரும்பு அலுமாரி. சீலைகள் அடுக்கிய ஆறடி உயர இரும்புத் தகடு, நேராக ரவுட்டருக்கும் எனக்கும் நடுவில். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த அலுமாரி அது; அதை அசைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. மேசையைத்தான் யன்னல் பக்கத்துக்கு நகர்த்தினேன். 60 ஆனது. ஐபெர்ஃபில் 300க்கு மேல். ஸ்பீட் டெஸ்டில் 93.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய டெஸ்க்டொப்பிலிருந்தும் பெரிய ஃபைல்களை இழுக்க வேண்டியிருப்பதால் ஒரு கேபிளும் போட்டேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் 15 மீற்றர் கேட்6 நெட்வொர்க் கேபிள் வாங்கி, சுவரடியோடு ஆணி கிளிப் அடித்து இழுத்தேன். எவ்வளவு நல்ல வைஃபையாக இருந்தாலும் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் கம்பியூட்டருக்குக் கேபிள்தான் என்பது என் முடிவு. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு நாலு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கௌவாவிட்டாலும் பல நேரம் இணைப்பு அறாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் 100 என்று காட்டியது. தலையை வெட்டிப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள், 1000 என்று மாறியது. இன்னொன்று, எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை ரயில் பாதை ஐந்து நிமிட நடை. உப்புக் காற்றில் யன்னல் ஓரத்து கேபிள் தலைகளில் பித்தளை நிறப் பற்கள் ஒரு வருடத்துக்குள் பச்சை பிடிக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

இதற்கிடையில் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டிலும் இதே முறைப்பாடு. அங்கே எந்தக் கருவியிலும் 20, 22க்கு மேல் ஏறவே இல்லை, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றாலும். தூரம் இல்லை, இரைச்சல் இல்லை. ரவுட்டரின் பாதுகாப்புப் பகுதியில் பார்த்தால் டிகேஐபி என்ற பழைய பூட்டு முறையில் இருந்தது. அந்த முறையில் இணையும் கருவிகள் 54 மெகாபிட் என்ற பழைய காலத்து லிங்க் வேகத்துக்கு மேல் போக முடியாது. உண்மையில் கைக்கு வருவது அதில் பாதிக்கும் குறைவு. டபிள்யூபிஏ2, ஏஈஎஸ் என்ற புதிய பூட்டு முறைக்கு மாற்றினோம். கதை முடிந்தது. பத்து வருடத்துக்கு முன் யாரோ வைத்துவிட்டுப் போன அமைப்பு, கடவுச்சொல் மட்டும் மாறி மாறி வந்திருக்கிறது.

வீட்டுக்குள் எல்லாம் சரியான பிறகும் சில நாள் டவுன்லோட் மெதுவாக வரும். அது வேறு கதை. ஸ்பீட் டெஸ்ட் பக்கத்தில் கொழும்பில் இருக்கும் சேர்வரோடு பேசிவிட்டு 93 என்று சொல்லும். நம் ஃபைலோ கடலுக்கடியில் போகும் கேபிள் வழியாகத் தூர தேசத்திலிருந்து வருகிறது. தூரம் கூடினால் ஒரே ஓட்டமாக வரும் டவுன்லோட் முழு வேகத்தை எட்டச் சிரமப்படும். நாலைந்து ஓட்டமாகப் பிரித்து இழுத்தால் நிறையும். நான் இப்போது பிரவுசரில் இறக்குவதே இல்லை. முழு ஃபோல்டரைக் கேட்டால் கிளவுட் டிரைவ் அதைச் சிப் (zip) ஃபைலாகக் கட்டித் தரும், நடுவில் அறுந்தால் பல நேரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளில் கிளவுட் டிரைவை இணைத்து, ஒரே நேரத்தில் நாலு ஃபைல் என்று போட்டுவிடுவேன். கரண்ட் போய் வந்தாலும் முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் இழுக்கும். அப்புறம், லாப்டொப் இரவில் தூங்கிவிடாமலும், வைஃபை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நிலைக்குப் போகாமலும் பவர் செட்டிங்ஸில் மாற்றி வைக்க வேண்டும். பெக்கேஜில் மாத அளவு முடிந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்றும் எதற்கும் முதலில் ஒருதரம் பார்த்துவிடுங்கள். அது தெரியாமல் நாள் முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கார்த்திகையில் அதே தம்பி அடுத்த கல்யாணத்தை அனுப்பினார், 61 ஜிபி. இரவு எட்டரைக்குப் போட்டேன். அம்மாவோடு இருந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கொஞ்சம் ரீவி பார்த்துவிட்டு வந்தபோது முடிந்திருந்தது. பெண் வீட்டுக்குச் சின்ன வீடியோ மறுநாள் பின்னேரமே போய்ச் சேர்ந்தது.

போன மாதம் அவர் கொழும்புக்கு வந்தபோது வீட்டுக்கும் வந்தார். என் மேசையில் தன் லாப்டொப்பை விரித்து, பக்கத்திலேயே டிஸ்க்கைச் செருகி, எனக்கு ஏதோ ஷொட் காட்ட வெளிக்கிட்டார். அம்பு விக்கி விக்கி நகர்ந்தது. மவுஸை இரண்டு தட்டுத் தட்டினார். நான் ஒன்றும் சொல்லாமல் என்னுடைய நீளக் கேபிளை எடுத்து அவருடைய டிஸ்க்கில் மாட்டி, டிஸ்க்கைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். அம்பு ஒரே கோட்டில் ஓடியது. அவர் மவுஸைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். "அக்கா, இதுக்காகப் போன கிழமைதான் புது மவுஸ் வாங்கினனான்" என்றார்.